பிள்ளைகளோடு கைவேலை: கடைப் பெட்டி ஒரே நாளில் ஏன் அலுத்துப்போகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஏழு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். கைவேலைப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள், மறுநாள் அதைத் தொடுவதே இல்லை. உங்களுக்கு வரையவோ வெட்டவோ அவ்வளவாக வராது. வேலை முடிந்து வந்தால் நேரமும் இல்லை, வீடும் குப்பையாகிறது. இதற்கு நடுவில் வீட்டில் கைவேலையை ஒரு பழக்கமாகக் கொண்டுவருவது எப்படி?

இரண்டு விஷயம் இருந்தால் பிள்ளைகளை யாரும் தூண்ட வேண்டியதில்லை. செய்து முடித்த பொருளுக்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். செய்யும்போது அது கழன்று விழாமல் நிற்க வேண்டும். கடைப் பெட்டியில் இரண்டாவது இருக்கிறது, முதலாவது இல்லை. மூடியில் அச்சடித்த படம் மாதிரியே வந்துவிட்டதும் வேலை தீர்ந்துபோகிறது. அதன்பிறகு அதை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பார்ப்பது மட்டும் எப்படிப் போதும்? அது பேச வேண்டும், ஓட வேண்டும், உள்ளே எதையாவது போட்டு எடுக்க வேண்டும்.

செருப்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் ஒரு கீறல் போட்டு, பெரியவள் அறைக் கதவில் மாட்டுங்கள். தபால் பெட்டி தயார். இரவு அவள் தூங்கியபின் ஒரு வரி எழுதிப் போடுங்கள். “நாளைக்குக் குடையை மறக்காதே” என்றால்கூடப் போதும். பதில் வரும். சில நாளில் உறை வேண்டும் என்பாள், தாளை மடித்து உறை செய்யப் பழகுவாள். அப்புறம் தபால் தலை, முத்திரை, தபால்காரர் பை என்று அதுவே வளரும். எழுதத் தெரியாத சின்னவன் படம் போட்டுக் கடிதம் அனுப்புவான். நீங்கள் “வாங்க, கைவேலை செய்யலாம்” என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

வீட்டிலேயே செய்யும் பலகை விளையாட்டும் அப்படித்தான். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். “இந்தக் கட்டத்துக்கு வந்தால் அப்பா தவளை மாதிரித் தாவ வேண்டும்” என்று எழுதினால், நீங்கள் தாவித்தான் ஆக வேண்டும். பகடையும் செய்யலாம். சிலுவை வடிவத்தில் ஆறு சதுரம் வரைந்து, ஒட்டுவதற்கு ஓரத்தில் காது விட்டு வெட்டி மடித்தால் கனசதுரம் வந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வர வேண்டும் என்பது பகடையின் வழக்கம். விரித்த சிலுவையில் எந்தச் சதுரத்துக்கு எது எதிர்ப்பக்கமாகப் போய் நிற்கும் என்று கண்டுபிடிக்க ஏழு வயதுக்காரிக்கு நேரம் ஆகும், ஆகட்டும். விரும்பிச் செய்கிற கணக்கு அது.

“எனக்கு வராது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓவியர் பால் கிளே 1916-லிருந்து 1925 வரை தன் மகன் ஃபெலிக்ஸ் விளையாடுவதற்காகச் சுமார் 50 கைப்பாவைகள் செய்தார். முதல் சிலவற்றை மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார். அவற்றில் 30 இன்றும் இருக்கின்றன, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு பாவையின் தலை தீப்பெட்டியிலிருந்து வந்தது, இன்னொன்றின் தலை மின்சார இணைப்பான். உடையெல்லாம் வீட்டில் கிடந்த துணித்துண்டுகள். தன் படைப்புகளையெல்லாம் எண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தவர் கிளே. ஆனால் அந்தப் பட்டியலில் இந்தப் பாவைகளைச் சேர்க்கவே இல்லை. அவை மகனுக்கு, விளையாட. ஃபெலிக்ஸ் பின்னாளில் நாடக இயக்குநரானார். கிளேயின் கை நமக்கு வராதுதான், ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருள் எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. பாவையைக் கையில் மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கிய பிறகு மூக்கு கோணலா நேரா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். ஜோடி தொலைந்த ஒரு காலுறை, உள்ளங்கை அளவில் முட்டை வடிவமாக வெட்டிய கெட்டி அட்டை. அட்டையைக் குறுக்கே நடுவில் மடியுங்கள். காலுறைக்குள் கைவிட்டு, விரல் நுனி இருக்கும் இடத்தில் துணியை உள்பக்கமாக அழுத்தினால் ஒரு பள்ளம் வரும். அந்தப் பள்ளத்தில் அட்டையை வைத்து ஒட்டிக் காயவிடுங்கள். இப்போது மடிப்புக்கு மேலே நான்கு விரல், கீழே கட்டைவிரல். கையைத் திறந்து மூடினால் வாய் திறந்து மூடும். கண்ணுக்குப் பொத்தான். பொத்தானைக் கொஞ்சம் நெருக்கி வைத்தால் ஒரு முகம், விலக்கி வைத்தால் வேறு முகம். தைப்பதற்கு முன் இரண்டையும் வைத்துக் காட்டி, “இவன் யாரு?” என்று கேளுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள், குரலும் வந்துவிடும்.

பொருள்களைப் பற்றி. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-ல் உதிரிப் பொருள்களைப் பற்றி ஒரு கருத்தை எழுதினார். ஒரு சூழலில் எத்தனை பொருளை நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிறதோ, அந்த அளவுக்குத்தான் அங்கே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பும் இருக்கிறது என்பது அதன் சாரம். எனக்கு இது முழுக்கச் சரி என்று படுகிறது. அதனால் ஒரே பயன் உள்ள அலங்காரப் பொருள்களை வாங்கிக் குவிக்காதீர்கள். அட்டைப்பெட்டி, அட்டைக் குழாய், பாட்டில் மூடி, நூல், துணித்துண்டு, குச்சி, பழைய செய்தித்தாள், பொத்தான் போதும். காசு செலவழிக்க வேண்டியது கருவிக்குத்தான். நன்றாக வெட்டுகிற கத்தரிக்கோல், அடர்த்தியாக நிறம் தருகிற பென்சில், வெள்ளைப் பசை, காகித டேப். மொண்ணைக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு, “இவளுக்குப் பொறுமையே இல்லை” என்று சொல்வது நியாயமில்லை. மகள் இடக்கைக்காரியாக இருந்தால் இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். சாதாரணக் கத்தரியின் தகடுகள் அமைந்திருக்கும் விதத்தில், இடக்கையால் பிடித்தால் வெட்டுகிற கோடு மறைந்துவிடும். அழுத்தும் விசையும் தகடுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக விலக்கும். தாள் வெட்டுப்படாமல் மடங்கிப்போகும்.

இனி ஒட்டுவதற்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கைவேலை இங்கேதான் அழுகையில் முடிகிறது. பிள்ளைகளுக்கு யோசனை குறைவதே இல்லை. ராக்கெட்டுக்கு இறக்கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குழாயின் மேல் அட்டையின் விளிம்பை நிறுத்தி, பசையை ஊற்றி, பிடித்துக்கொண்டே இருப்பாள். கையை எடுத்ததும் விழும். மறுபடி பசை, மறுபடி விழும், அப்புறம் ராக்கெட் பறப்பது சுவரை நோக்கி. வெள்ளைப் பசையில் இருக்கும் நீர் வெளியேறினால்தான் அது பிடிக்கும், அதற்கு நேரம் வேண்டும். ஒட்டும் பரப்பும் வேண்டும். மெல்லிய விளிம்புக்குப் பரப்பே கிடையாது.

ஆகவே மூன்று நான்கு இணைப்பு முறையை நீங்கள் முதலில் கற்றுக்கொண்டு அவளுக்குக் காட்டுங்கள். முதலாவது காது. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துணுக்குகளாக வெட்டி, ஒன்றை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாறி மாறி மடித்தால் அட்டை தானாகவே நிற்கும், ஒட்டவும் இடம் கிடைக்கும். குழாயைத் தரையில் நிறுத்துவதற்கும் இதுதான். அடிப்பக்கத்தைச் சுற்றிலும் கீறி, காதுகளை வெளிப்பக்கம் விரித்து ஒட்டினால் கோபுரம் சாயாது. இரண்டாவது பிளவு. இரண்டு அட்டையிலும் பாதி உயரத்துக்கு ஒரு கீறல், ஒன்றில் மேலிருந்து, மற்றதில் கீழிருந்து. ஒன்றில் மற்றொன்றைச் செருகினால் பசையே வேண்டாம். கீறலின் அகலம் அட்டையின் தடிமன் அளவுக்கு இருக்க வேண்டும், அதிகமானால் ஆடும். இந்த ஒன்று தெரிந்துவிட்டால் மரம், நாற்காலி, நான்கு கால் மிருகம் எல்லாம் வந்துவிடும். மூன்றாவது கட்டு. இரண்டு துளை, ஒரு நூல், ஒரு முடிச்சு. கை கால் ஆடும் பொம்மைக்கு இதைவிட நல்ல மூட்டு கிடையாது.

அட்டைப்பெட்டியை வெட்டுவதற்கு முன் அதன் ஓரத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். இந்த நெளிதாளுக்கு 1856-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது உயரத் தொப்பிகளுக்கு உள்ளே வைப்பதற்காக. பொருள்களைச் சுற்றிக் கட்ட அமெரிக்காவில் 1871-ல்தான் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அலை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் மடித்தால் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணலாகும். பாரம் தாங்க வேண்டிய காலுக்கு அலைகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். மடிக்க வேண்டிய கோட்டில், மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை வைத்து அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் கடையில் செய்த பெட்டி மாதிரி நேராக வரும்.

சாதாரணத் தாளுக்கும் இப்படி ஒரு திசை உண்டு. ஆலையில் தாள் செய்யும்போது இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகவும் மறுபக்கமாகக் கிழித்தால் கண்டபடியும் போவது அதனால்தான். ஈரம் பட்டால் இந்த இழைகள் நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் உப்பும். பசை தடவிய தாள் சுருண்டுகொள்வதற்கும் அதுவே காரணம். பசையை மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகத்தை வைத்துக் காயவிட்டால் சுருளாது.

பசையையும் வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு பங்கு மைதாவுக்கு நான்கைந்து பங்கு நீர். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் சிறு தீயில் கிளறுங்கள். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவிலுள்ள மாச்சத்து நீரை இழுத்து உப்பி, பளபளவென்று இறுகும். காகிதக் கூழ் முகமூடிக்கும் செய்தித்தாள் ஒட்டிய கிண்ணத்துக்கும் இது அருமையான பசை. இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், அதனால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

அடுத்தது உங்கள் வாய். சொல்லிக் கொடுப்பதற்கும் தலையிடுவதற்கும் நடுவில் இருக்கும் கோட்டை ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். மகள் ஒரு சின்னப் பெட்டிக்கு நான்கு பாட்டில் மூடியைச் சக்கரமாக ஒட்டிவிட்டு, ஓடவில்லை என்று வருகிறாள். நீங்கள் வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் ஐந்து நிமிட வேலை, வண்டியும் உங்களுடையதாகிவிடும். “எது சுத்தணும்?” என்று மட்டும் கேளுங்கள். சக்கரம் என்பாள். “சக்கரத்தை ஒட்டிட்டோமே, எப்படிச் சுத்தும்?” கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம் மூடியில் துளை போட்டுக் குச்சியைச் செருகலாம் என்பாள். குச்சியைப் பெட்டியில் ஒட்டுவாள், சக்கரம் தளர்வாக ஆடும், கழன்று ஓடும். இந்த இடத்தில் ஒரு உறிஞ்சுகுழலை எடுத்து மேசையில் வையுங்கள், பேச வேண்டாம். குழலைப் பெட்டிக்கு அடியில் ஒட்டி, குச்சி அதற்குள் சுழல, சக்கரம் குச்சியின் நுனியில் இறுக்கமாக நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அவளே வந்து சேர்வாள். இன்னும் வண்டி துள்ளித் துள்ளிப் போகிறதென்றால் துளை நடுவில் இல்லை. மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் மடிப்புக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நடு. அதை மூடியின் மேல் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். துளை போடுவது மட்டும் உங்கள் வேலை.

பரிசு கொடுத்துச் செய்யவைக்க வேண்டாம். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் நாடா வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தரவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து விருப்பப்படி விளையாடும் நேரத்தில் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்கள் செலவழித்ததில் ஏறக்குறைய பாதிதான். முன்பே சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இந்தச் சரிவு வரவில்லை. பாராட்டும்போது “சூப்பர்” என்பதோடு நிறுத்திவிடாமல், பார்த்ததைச் சொல்லுங்கள்: “இந்த ஓரத்துல மட்டும் நீலத்தை அழுத்திப் போட்டிருக்கே.” ஏன் என்று அவளே கதையைத் தொடங்குவாள்.

சின்னவனுக்கு வேறு கணக்கு. நான்கு வயதில் வரையும் மனிதனுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும், உடம்பு இருக்காது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இந்த வயதை ஒட்டி இப்படித்தான் வரைகிறார்கள், திருத்த வேண்டாம். அவனுக்குப் பொருள் முடிவதில் அக்கறை குறைவு, கிழிப்பதிலும் பிசைவதிலும் ஊற்றுவதிலும்தான் இன்பம். செய்தித்தாளைக் கிழித்துக் கொடுப்பது அவன் வேலை, கூழாக ஒட்டுவது அக்கா வேலை என்று பிரித்தால் சண்டையும் குறையும்.

ஆபத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். டிஷ்யூ ரோலின் நடுக் குழாய்க்குள் விழுகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. நாணயம் மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியும் சிறு காந்தங்களும் எந்த வயதுக்கும் கைவேலைப் பெட்டியில் வேண்டாம். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சூட்டுப் பசைத் துப்பாக்கியில் குறைந்த சூட்டு வகையே 120 டிகிரியை ஒட்டி இருக்கும், அது பெரியவர்கள் கையில் மட்டும். நிறைய உப்பு சேர்த்துப் பிசைந்த மாவில் உருவம் செய்தால், வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

நேரமும் குப்பையும் ஒரே பிரச்சினைதான். தினமும் எடுத்து, பரப்பி, ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தால் யாருக்குமே அலுத்துவிடும். பாதியில் நிற்கும் வேலைக்கு ஒரு தட்டு வையுங்கள். ஒரு பெரிய பெட்டியின் மூடி போதும். அதிலேயே செய்யட்டும், சாப்பிடும் நேரம் வந்தால் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், மறுநாள் இழுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது இருந்தால் உங்களிடம் உள்ள பத்து நிமிடமே போதும். அந்தப் பத்து நிமிடமும் மேற்பார்வை செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒன்றைச் செய்யுங்கள். சட்டைக்குப் பொத்தான் தைப்பதும் கைவேலைதான். செய்த பொருள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு தட்டு அளவுக்கு இடம் ஒதுக்கி, புதிது வைக்க எது போக வேண்டும் என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். போவதைப் பிரித்து, குச்சியையும் மூடியையும் உதிரிப் பெட்டிக்குத் திருப்பிவிடலாம். கேட்காமல் மட்டும் தூக்கிப் போடாதீர்கள், அந்த வருத்தம் பிள்ளைகளுக்கு வெகுநாள் இருக்கும்.

கடைசியாக, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மகள் “எனக்கு வரையத் தெரியல” என்று ஒதுங்கக்கூடும். ஒன்பது பத்து வயதையொட்டிப் பிள்ளைகள் கண்ணில் படுவதைப் போலவே தாளிலும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள், கை அதற்கு ஈடுகொடுக்காதபோது விட்டுவிடுகிறார்கள். அப்போது வரைவதை வற்புறுத்தாமல், அசைகிற பொருள்களுக்குத் திருப்புங்கள். நல்ல தொடக்கம் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை. கெட்டித் தாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு இணையான கீறல் போடுங்கள். நடுவில் இருக்கும் பட்டையை உள்பக்கமாகத் தள்ளி மடித்து, அட்டையைத் திறந்தால் படிக்கட்டு மாதிரி எழுந்து நிற்கும். அதன் முகத்தில் ஒரு படத்தை ஒட்டினால் திறக்கும்போதெல்லாம் அது முன்னால் வரும். கீறலின் நீளம் மடித்த அட்டையின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் மட்டும், மூடிய அட்டைக்கு வெளியே பட்டை துருத்திக்கொண்டு நிற்கும். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம், ஒருமுறை துருத்தட்டும், அளவுகோலை எடுத்து அவளே அளந்து பார்ப்பாள்.